இருபது கிரெடிட்டும் வண்டூர் பஸ்ஸும்

அந்தமானில் வண்டூரிலிருந்து போர்ட் பிளேயருக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அந்த நகரத்தின் அரசுப் பெயர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். பஸ்ஸில் போனால் ஒரு வழிக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். வாரத்தில் ஐந்து நாள் கல்லூரிக்குப் போய் வரும் ஒரு பிள்ளைக்கு வாரம் 10 மணி நேரம் சாலையில் போகிறது. ஒரு செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்தால் 150 மணி. பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்குப்படி 15 மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட். அதாவது வண்டூர் மாணவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் பத்து கிரெடிட் பாடத்துக்கு உரிய வகுப்பு நேரத்தைப் பஸ்ஸில் செலவழிக்கிறார். அந்தச் செலவு எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை. சேர்க்கை நாட்களில் மாணவர்களோடு உட்கார்ந்து பாடத் தேர்வுப் படிவத்தை நிரப்பித் தருவது என் தொழில். படிவத்தில் பாடத்தின் பெயருக்கு எதிரே 2, 3, 4 என்று ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை மதிப்பு என்றோ கடினம் என்றோ பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அது நேரத்தைப் பற்றிய எண். அதையும் பாதிதான் சொல்கிறது. எத்தனை மணி, அந்த மணி எங்கே கழியும், எந்த வேளையில் வரும் என்று கேட்காமல் கிரெடிட்டை மட்டும் பார்த்துப் பாடம் எடுப்பவர், தூரத்து ஊர்க்காரராக இருந்தால், நிச்சயம் இடர்ப்படுவார் என்பது இந்த வேலையில் எனக்கு உறுதியாகிவிட்ட விஷயம்.

முதலில் அந்த எண்ணை அவிழ்த்துப் பார்க்கலாம். தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் படிப்புக்கு ஒரு பாடத்திட்டச் சட்டகம் வெளியிட்டது. மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160. செமஸ்டருக்கு 20 என்று கொண்டால் கணக்கு நேராக வரும். 120இல் மேஜர் பாடத்துக்கு 60, மைனருக்கு 24, பல்துறைப் பாடங்களுக்கு 9, மொழித்திறனுக்கு 8, தொழில்திறனுக்கு 9, விழுமியப் பாடங்களுக்கு 6 முதல் 8, இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4. விரிவுரை என்றால் வாரம் ஒரு மணி ஒரு கிரெடிட். பிராக்டிக்கல் என்றால் வாரம் இரண்டு மணிக்கு ஒரு கிரெடிட். இன்டர்ன்ஷிப், களப்பணி, சமூகப்பணி எல்லாம் பிராக்டிக்கலைப் போலவே 30 மணிக்கு ஒன்று. ஆகவே 3 கிரெடிட் என்று ஒரே எண் போட்ட இரண்டு பாடங்களில் ஒன்று வாரத்துக்கு 3 மணியும் இன்னொன்று 5 மணியும் கேட்கலாம். முதல் செமஸ்டரின் வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: மேஜர் 4, மைனர் 4, பல்துறை 3, மொழி 2, தொழில்திறன் 3, விழுமியம் 4. எல்லாமே விரிவுரையாக அமைந்த கலைப்பிரிவு மாணவருக்கு வாரம் 20 மணி. மேஜரிலும் மைனரிலும் தலா ஒரு கிரெடிட் பிராக்டிக்கல், தொழில்திறனில் இரண்டு கிரெடிட் பிராக்டிக்கல் உள்ள அறிவியல் மாணவருக்கு 24 மணி. இருவர் சான்றிதழிலும் 20 என்றுதான் இருக்கும். செமஸ்டர் முடியும்போது ஒருவர் மற்றவரைவிட 60 மணி அதிகம் கல்லூரிக்குள் இருந்திருப்பார்.

இந்த அளவு முறை எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளியும். 1905இல் ஆண்ட்ரூ கார்னகி அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்து ஓர் அறக்கட்டளையை நிறுவினார். எந்தக் கல்லூரி ஆசிரியருக்குப் பணம் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய, எது கல்லூரி என்று முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை ஓர் ஆண்டு முழுதும் சுமார் 120 மணி நேரம் படித்தால் அது ஓர் அலகு. இத்தனை அலகு முடித்தவர்களைச் சேர்ப்பதே கல்லூரி என்று கோடு போட்டார்கள். பிறகு 1910இல் மாரிஸ் குக் என்ற பொறியாளர், தொழிற்சாலையைப் போலக் கல்லூரியின் செலவையும் உழைப்பையும் கணக்கிட மாணவர் மணி என்ற அளவை முன்வைத்தார். ஓய்வூதியமும் செலவுக் கணக்கும்தான் இதன் வேர். கற்றலை அளப்பதற்கென்று யாரும் இதை உருவாக்கவில்லை. படியால் அளந்தால் அரிசி எவ்வளவு என்று தெரியும். பழையதா புதியதா, சோறு எப்படி வரும் என்று படி சொல்லாது. கிரெடிட்டும் அப்படித்தான். அளக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எதை அளக்கிறோம் என்று தெரிந்து அளக்க வேண்டும்.

அமெரிக்க மத்திய அரசு 2010இல் ஒரு வரையறை கொடுத்தது: ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி வகுப்பும் அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி வேலையும். ஐரோப்பிய முறை மாணவரின் மொத்த உழைப்பையே எண்ணுகிறது. ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி. இந்தியாவின் பழக்கம் வேறு. நாம் வகுப்பறை நேரத்தை மட்டும் எண்ணிவிட்டு, வீட்டில் படிக்கும் நேரத்தை மாணவர் பாடு என்று விட்டுவிட்டோம். 2023 ஏப்ரலில் வந்த தேசியக் கிரெடிட் சட்டகம் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. ஓர் ஆண்டுக்கு 1200 மணி கற்றல், அதற்கு 40 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி. இரண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் விஷயம் புரிகிறது. விரிவுரைக் கிரெடிட்டில் 15 மணி வகுப்பறை, மீதி 15 மணி வீட்டிலோ நூலகத்திலோ தானாகப் படிப்பது. செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்றால் 600 மணி. 15 வாரத்துக்குப் பங்கிட்டால் வாரம் 40 மணி. இது ஒரு முழுநேர வேலையின் நேரம். வண்டூர்ப் பிள்ளைக்கு இதன்மேல் பஸ் 10 மணி. கல்லூரிக்குப் போய் வந்தாலே படித்ததாகிவிட்டது என்று நினைக்கும் பெற்றோரிடம் நான் முதலில் காட்டுவது இந்த 40ஐத்தான். வகுப்பு 20 மணிதானே, மீதி நேரம் சும்மாதானே இருக்கிறான் என்று மாலையில் கடையில் நிற்க வைப்பதும் தோட்டத்துக்கு அனுப்புவதும் எங்கள் தீவில் சாதாரணம். குடும்பத்தின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 20 மணியும் பாடத்துக்குச் சொந்தமானது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பிராக்டிக்கல் கிரெடிட்டின் 30 மணியும் ஆய்வுக்கூடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. காகிதக் கணக்கில் அதற்கு வீட்டு வேலையே கிடையாது. ரெக்கார்டு நோட்டு எழுதும் நேரம், படம் வரையும் நேரம், வைவாவுக்குத் தயாராகும் நேரம் எதுவும் அந்த முப்பதுக்குள் இல்லை. அதனால் பிராக்டிக்கல் நிறைந்த பாடம் வேண்டவே வேண்டாம் என்று தூரத்து மாணவர்களுக்குச் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலையில் பஸ் ஏறிக் கல்லூரிக்கு வந்துவிட்ட பிறகு, அங்கே இன்னும் இரண்டு மணி இருப்பது பெரிய இழப்பாகாது. வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு மணி நேரம் அமைதியாக உட்காருவதுதான் அரிது. அலுப்பு இருக்கும், வீட்டு வேலை இருக்கும், பல நாள் மின்சாரமும் சோதிக்கும். ஆகவே கல்லூரிக்குள்ளேயே வேலை முடிந்துவிடும் பிராக்டிக்கல் பாடம் தூரத்துப் பிள்ளைக்கு நன்மையாகவே அமையக்கூடும். ஒரு நிபந்தனை: அந்த இரண்டு மணி ஏற்கனவே கல்லூரிக்கு வரவேண்டிய நாளில், திரும்பும் பஸ்ஸுக்கு முன்பே முடிய வேண்டும். அதற்காகவே சனிக்கிழமை வரவேண்டியிருந்தால் இரண்டு மணி பிராக்டிக்கல் நான்கு மணி ஆகிவிடும். கடைசி பீரியடுக்குத் தள்ளப்பட்டு பஸ்ஸைத் தவறவிட வைத்தால் அந்தப் பாடத்தில் வருகைப் பதிவு குறைந்து, தேர்வு எழுதவே தடை வரலாம். டைம்டேபிளைப் பார்க்காமல் பாடம் எடுப்பது தூரத்து மாணவருக்குக் கட்டுப்படியாகாது. கிரெடிட் எண்ணுக்கு முன்னால் கிழமையையும் வேளையையும் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கிரெடிட் நேரத்தை அளக்கிறது என்றேன். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. தீவிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 140 கிரெடிட். அங்கே பகுதி ஒன்று தமிழுக்கு வாரம் ஆறு மணி வகுப்பு, கிடைப்பது 3 கிரெடிட். முதன்மைப் பாடத்துக்கு வாரம் ஐந்து மணி வகுப்பு, கிடைப்பது 5 கிரெடிட். நேரத்தால் மட்டும் அளந்தால் தமிழ்தான் அதிகம் பெற வேண்டும். எந்தப் பாடம் பட்டத்தின் சராசரியைத் தீர்மானிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் முன்கூட்டியே ஒரு முடிவு செய்து, அந்த முடிவைக் கிரெடிட் எண்ணுக்குள் வைத்திருக்கிறது. தமிழ் வகுப்புக்கு ஆறு மணி ஒதுக்கிவிட்டு அதன் எடையைப் பாதியாக்கியது சரியில்லை என்பது என் கருத்து. மாணவர்கள் அந்த வகுப்பை ஓய்வுநேரமாகப் பார்ப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இந்த உதாரணத்திலிருந்து நமக்கு வேண்டியது இதுதான்: 120ம் 140ம் ஒரே பட்டத்தின் இரண்டு கணக்குகள். ஒன்றில் சேர்த்ததை மற்றொன்றுக்கு அப்படியே கொண்டுபோக முடியும் என்று நம்பிப் பாதியில் கல்லூரி மாறக் கூடாது. சேரப்போகும் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கிறது என்று எழுத்தில் வாங்கிய பிறகே மாறவேண்டும்.

எடை என்றதும் மதிப்பெண் சராசரியைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் தரப் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பதே செமஸ்டர் சராசரி. 4 கிரெடிட் மேஜரில் 6 புள்ளி, 2 கிரெடிட் பாடத்தில் 9 புள்ளி எடுத்தவர் தன் சராசரி ஏழரை என்று நினைப்பார். கணக்குப்படி 24ம் 18ம் சேர்ந்து 42. ஆறால் வகுத்தால் 7. லேசான இரண்டு கிரெடிட் பாடங்களில் மதிப்பெண் குவித்து மேஜரை ஈடுகட்டலாம் என்ற திட்டம் இங்கேதான் உடைகிறது. நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியுடன் ஆனர்ஸ் படிக்க முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமோ அதற்கு மேலோ வேண்டும். அந்த ஆண்டில் ஆய்வேட்டுக்கே 12 கிரெடிட். அந்த வழியில் போக நினைப்பவர் முதல் செமஸ்டரிலேயே தன் படிப்பு நேரத்தின் பெரும்பங்கை நான்கு கிரெடிட் பாடங்களுக்கு ஒதுக்க வேண்டும். அரியர் விழுந்தாலும் இதே கணக்குத்தான். நான்கு கிரெடிட் அரியர் ஒன்று இரண்டு கிரெடிட் அரியர் இரண்டுக்குச் சமம் என்று வெளிப்பார்வைக்குத் தோன்றும். ஆனால் மேஜர் பாடம் அடுத்த செமஸ்டர்ப் பாடத்துக்கு அடித்தளம். அதைச் சுமந்துகொண்டு மேலே போவதில் இருக்கும் துன்பம் எண்ணில் தெரியாது.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு, அதுவும் நியாயமானது. தேர்வு செய்ய எங்களுக்கு என்ன இருக்கிறது என்று தீவு மாணவர்கள் கேட்கிறார்கள். போர்ட் பிளேயரில் ஜவாஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயா 1967இல் தொடங்கியது. தொடக்கத்தில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்து, புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985இல் உருவான பின் அதனோடு இணைந்து வளர்ந்தது. மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி இருக்கிறது. இவை நல்ல கல்லூரிகள். ஆனால் டெல்லியிலோ சென்னையிலோ உள்ளதுபோல நூறு பாடம் விரித்து வைக்கும் அளவுக்குத் தீவில் ஆசிரியர் எண்ணிக்கை இருக்காது. இருக்கும் இரண்டில் ஒன்றை எடு என்பதா தேர்வு என்ற கேள்வியில் உண்மை இருக்கிறது. என் பதில்: தேர்வு குறுகலாக இருக்கும் இடத்தில்தான் கணக்கு அதிகம் தேவை. பத்துப் பாடம் இருந்தால் ஒன்று தவறினாலும் அடுத்த செமஸ்டரில் வேறொன்று கிடைக்கும். இரண்டே பாடம் இருக்கும்போது தவறாக எடுத்ததை மாற்ற வழியில்லை. பல்துறைப் பாடங்களில் பன்னிரண்டாம் வகுப்பில் படித்ததையே திரும்ப எடுக்க விதி இடம் தரவில்லை. தெரிந்த பாடம் சுலபம் என்று அதற்குக் குறி வைப்பவர் முதலிலேயே மாற்று யோசித்திருக்க வேண்டும். மைனரில் இதைவிடப் பெரிய சிக்கல். ஒரே துறையில் போதிய கிரெடிட் சேர்ந்தால்தான் மூன்றாண்டுப் பட்டத்தில் மைனர் என்று வரும். ஒரு செமஸ்டர் இது, அடுத்த செமஸ்டர் அது என்று நண்பர்களைப் பார்த்து மாறிக்கொண்டே போனவர் மைனருக்குரிய 24 கிரெடிட்டையும் படித்திருப்பார். ஆனால் மைனர் என்று சொல்லிக்கொள்ள ஒரு துறை இருக்காது. ஆகவே எந்தத் துறையில் ஆறு செமஸ்டருக்கும் தொடர்ந்து பாடம் நடத்த ஆசிரியர் இருக்கிறார்கள் என்று கேட்டு அறிந்து மைனர் எடுப்பது நல்லது. ஆர்வம் அதற்கு அடுத்ததா என்று கேட்பீர்கள். ஆர்வமும் வேண்டும். ஆசிரியரே இல்லாத ஆர்வத்தால் கிரெடிட் வராது.

இன்னொரு மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வருகிறது. மணிக்கணக்கு பார்த்துப் பாடம் எடுக்கச் சொன்னால் கல்வி பேரமாகிவிடும். குறைந்த உழைப்பில் கூடிய கிரெடிட் எங்கே என்று பிள்ளைகள் தேடுவார்கள் என்கிறார்கள். இந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் எது சுலபம் என்ற கேள்வியை மாணவர்கள் இப்போதும் கேட்கத்தான் செய்கிறார்கள், சீனியர் சொல்லும் வதந்தியை வைத்து. மணிக்கணக்கு தெரிந்தவர் கேட்கும் கேள்வியின் தரம் வேறு. இந்தப் பாடத்துக்கு வாரம் மூன்று மணி வீட்டில் வேண்டும், என்னால் தரமுடியுமா என்று அவர் யோசிக்கிறார். விரும்பும் கடினமான பாடத்தையும் அவர் துணிந்து எடுக்கலாம், ஏனென்றால் அதற்கு இடம் விட்டு மற்றதை அமைத்துக்கொள்ளத் தெரியும். வசதியும் வீட்டில் படித்தவர்களும் உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை அப்பாவோ அக்காவோ சொல்லிவிடுகிறார்கள். குடும்பத்திலிருந்து முதல்முறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குச் சொல்ல ஆளில்லை. கணக்கைச் சொல்லித்தராமல் இருப்பது கல்வியின் மேன்மையைக் காப்பாற்றாது. அந்தப் பிள்ளையை மட்டும் இருட்டில் விடும்.

குறுகலான தேர்வை அகலமாக்க இணையவழிப் பாடம் இருக்கிறதே என்று சொல்வதுண்டு. மத்திய அரசின் ஸ்வயம் இணையத் தளத்தில் ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை எடுக்கலாம் என்று 2021ஆம் ஆண்டு விதி அனுமதிக்கிறது. அந்தத் தளத்தில் வரும் ஐ.ஐ.டி.களின் என்பிடெல் பாடங்களில் 4 வாரத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 கிரெடிட் என்பது பழக்கம். செயற்கைக்கோள் வழியாக மட்டும் இணையம் வந்த காலத்தில் தீவில் காணொளிப் பாடம் கேட்பது பெரும்பாடு. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் இழுத்த கேபிள் 2020 ஆகஸ்டு 10இல் இயங்கத் தொடங்கிய பிறகுதான் இந்த வாசல் நமக்கு உண்மையிலேயே திறந்தது. பஸ் நேரம் வேண்டாத கிரெடிட் என்பதால் வண்டூர் மாணவருக்கு இது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன கணக்கை மறக்க வேண்டாம். வகுப்பில் கழியும் 15 மணியும் இங்கே வீட்டுப் பக்கம் வந்து விழுகிறது. மூன்று கிரெடிட் பாடத்தின் 90 மணியும் நீங்களே தேட வேண்டிய நேரம். வீட்டில் நேரம் அரிது என்றால் ஒரு செமஸ்டருக்கு ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். சேரும் முன்னே அந்தப் பாடத்தை உங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்கிறதா என்று கேளுங்கள். தேர்வு நேரில் எழுத வேண்டும். மையம் எங்கே என்றும் பாருங்கள்.

வண்டூர்க்காரர்களுக்கு மட்டும் சாதகமான ஒன்று இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறது, அதைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதே இல்லை. மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 1983இல் அமைந்தது. சுமார் 281 சதுர கிலோமீட்டர், 15 தீவுகள், பவளப் பாறைகள், அலையாத்திக் காடு. ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளுக்குப் படகு புறப்படுவது வண்டூர்த் துறையிலிருந்து. வெளிநாட்டு ஆய்வாளர்கள் அனுமதி வாங்கிக் காத்திருந்து வரும் இடத்தின் வாசலில் நம் வீடு. விலங்கியல், தாவரவியல் மட்டுமல்ல. சுற்றுலா, வணிகவியல், புவியியல், பொருளியல் படிக்கும் மாணவருக்கும் இங்கே வேலை இருக்கிறது. படகுச் சீட்டுப் பதிவு, பயணிகளின் பிளாஸ்டிக்கைச் சோதித்து நிறுத்தும் ஏற்பாடு, 2004 சுனாமிக்குப் பின் கரையில் நேர்ந்த மாற்றம், பயணப் பருவத்தில் கடைகளின் வருமானம், எதை எடுத்தாலும் ஒரு முறையான களப்பணி. இரண்டு கிரெடிட் இன்டர்ன்ஷிப்புக்கு 60 மணி, நான்குக்கு 120. இணையவழிப் பாடத்தை விட்டால், பஸ் ஏறாமல் சொந்த ஊரில் பெறக்கூடிய கிரெடிட் மூன்று ஆண்டில் இது ஒன்றுதான். இதில் ஒரு சிக்கலைக் கல்லூரிகள் கண்டுகொள்வதில்லை. இன்டர்ன்ஷிப்பைக் கோடை விடுமுறையில் வைக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடும் நிலம் அந்தமான் நிக்கோபார் தீவுகள். மே மூன்றாம் வாரத்தில் இங்கே வந்துவிடும். கடல் கொந்தளித்து, ஜாலி பாய் போக்குவரத்து நின்றுவிடும். டெல்லியின் கோடைக்காக எழுதிய நாட்காட்டியை வைத்து ஜூனில் கடலில் களப்பணி செய்ய முடியாது. ஆகவே நீருக்குள் வேலை என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே வாரயிறுதிகளில் மணிகளைச் சேர்க்கக் கல்லூரியிடம் முன்கூட்டி அனுமதி கேளுங்கள். வனத்துறை அனுமதிக்கும் அப்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். மழைக்காலத்துக்கு ஆவண வேலையையும் ஊர் ஆய்வையும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பாதியில் நிற்பவர்களைப் பற்றி. ஓர் ஆண்டு படித்து 40 கிரெடிட் பெற்று, 4 கிரெடிட் தொழிற்பயிற்சியும் முடித்தால் சான்றிதழ். இரண்டு ஆண்டில் 80ம் அதே நான்கும் இருந்தால் டிப்ளமோ. வெளியேறியவர் மூன்று ஆண்டுக்குள் திரும்பச் சேரலாம், ஏழு ஆண்டுக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதியின்படி கிரெடிட்டுகள் கல்விக் கிரெடிட் வங்கியில் சேர்ந்திருக்கும். இது படிப்பை விடத் தூண்டும் வழி என்று எதிர்ப்பவர்கள் உண்டு; ஓராண்டுச் சான்றிதழை எந்த முதலாளி மதிப்பார் என்று கேட்கிறார்கள். சந்தையில் அந்தத் தாளுக்குப் பெரிய மதிப்பு இருக்கும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் இந்த வசதி வருவதற்கு முன்பும் பிள்ளைகள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அப்பாவுக்கு நோய் வந்தால், வேலை உத்தரவு வந்தால், அக்காவுக்குக் கல்யாணம் என்றால் நின்றார்கள். பழைய முறையில் படித்த ஓர் ஆண்டு காற்றோடு போய்விடும். இப்போது அது கணக்கில் நிற்கிறது. எனவே நிற்கவேண்டி வந்தால் செமஸ்டர் நடுவில் நிற்காதீர்கள். எவ்வளவு சிரமப்பட்டாலும் தேர்வு எழுதி அந்த 20ஐ முடித்துவிட்டு நில்லுங்கள். முடியாத செமஸ்டரின் மணி எதுவும் எங்கும் பதிவாகாது. உங்கள் கிரெடிட் வங்கிக் கணக்கில் பாடங்கள் ஏறியிருக்கின்றனவா என்று கல்லூரியை விட்டுப் போகும் முன்னே திறந்து பாருங்கள். பெயர், பிறந்த தேதி ஆதாரோடு பொருந்தாமல் ஏறாமல் போன கணக்குகளை ஊரில் இருக்கும்போது திருத்துவது சுலபம். கப்பலேறிச் சென்னை போன பிறகு சிரமம்.

தீவின் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கைப் படிவத்தில் பாடத்தின் பெயருக்கு எதிரே கிரெடிட் எண்ணோடு வார வகுப்பு மணி, வீட்டில் வேண்டிய மணி, நடக்கும் கிழமை, முடியும் நேரம் ஆகியவற்றையும் அச்சிட்டுத் தாருங்கள். தமிழிலும் இந்தியிலும் வங்க மொழியிலும் தாருங்கள், பெற்றோரும் படிக்கட்டும். டைம்டேபிள் சேர்க்கைக்குப் பிறகு வருவதை மாற்றி, முன்பே வரச் செய்யுங்கள். பிராக்டிக்கல் வகுப்புகளை வண்டூர் போன்ற தூரத்து ஊர்ப் பிள்ளைகளின் பஸ் நேரத்தைப் பார்த்துப் போடுங்கள். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டாம். ஜூன் மாதத்தில் ஒரு வாரம் துறைத் தலைவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.